கோயில் நிர்வாகத்தைப் பக்தர்களிடம் திரும்பக் கொண்டுவர இப்போதைய சட்டத்திலேயே என்ன வழி இருக்கிறது?

தேரடி வாசகன்:

வணக்கம். கோயில் நிர்வாகம் பக்தர்கள் கைக்கு வரவேண்டும் என்பதில் இங்கே பெரும்பாலோருக்குக் கருத்து வேறுபாடு இருக்காது. சாமி சொத்து சாமிக்குத்தான். அரசு அதற்குக் காவல் நிற்கலாம், உரிமை கொண்டாடக் கூடாது. ஆனால் மேடையில் பேசிக் கைதட்டல் வாங்குவது ஒன்று, ஒரு ஊர்க் கோயிலில் காரியம் நடப்பது வேறொன்று. அதனால் நடைமுறையாகவே கேட்கிறேன்.

காவிரிப் படுகையில் ஒரு சின்னச் சிவன் கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு 18 ஏக்கர் நன்செய் இருக்கிறது. இந்து சமய அறநிலையத்துறைப் பட்டியலிலோ ஆண்டு வருமானம் பத்தாயிரத்துக்கும் கீழே. ஒரு வேளைதான் விளக்கு எரிகிறது. அறங்காவலர் குழு கிடையாது, பல வருடமாகத் தக்கார்தான் (குழு இல்லாதபோது துறை நியமிக்கும் இடைக்காலப் பொறுப்பாளர்). செயல் அலுவலருக்கோ இதுபோல இன்னும் பல கோயில்கள் பொறுப்பு.

இந்தக் கோயிலை அறநிலையத்துறையிடமிருந்து சட்டப்படி வெளியே கொண்டுவர முடியுமா? முடியாது என்றால், ஊர்க்காரர்கள் குறைந்தபட்சம் எதைக் கேட்டு வாங்கலாம்? நிலம் உண்மையிலேயே 18 ஏக்கர் இருக்கிறதா, எவ்வளவு வரவேண்டும், எவ்வளவு வருகிறது என்பதை எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது? விவரம் தெரிந்தவர்கள் பிரிவு எண்ணோடு சொன்னால் பலருக்கும் உதவும்.

---

வாய்தா:

முதலில் ஒரு தெளிவு. "கோயிலை அரசு எடுத்துக்கொண்டது" என்று பொதுவாகச் சொல்கிறோம். 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டத்தில் (1959-இன் 22-ஆவது சட்டம்) அப்படி ஒரே ஒரு கதவு இல்லை. கோயிலுக்குள் துறை வருவதற்கு மூன்று நான்கு தனித்தனி வாசல்கள் இருக்கின்றன. எந்த வாசல் வழியாக வந்தது என்று தெரியாமல் எதிர்த்தால் மனு நிற்காது.

ஒன்று, செயல் அலுவலர். பிரிவு 45-இன் கீழ் ஆணையர் நியமிக்கிறார். அந்தப் பிரிவிலேயே "வகுக்கப்படும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு" என்று ஒரு தொடர் இருக்கிறது. பல பத்தாண்டுகள் அந்த நிபந்தனைகளை வகுக்காமலே நியமனம் செய்துகொண்டிருந்தார்கள். சிதம்பரம் நடராஜர் கோயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 ஜனவரி 6 அன்று கொடுத்த தீர்ப்பின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. நிர்வாகக் கோளாறைச் சரிசெய்ய அரசு உள்ளே வரலாம், சரிசெய்த உடனே திரும்ப ஒப்படைக்க வேண்டும், காலவரையறை இல்லாமல் உட்கார்ந்திருப்பது உரிமையைப் பறிப்பதுதான் என்று நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகுதான் 2015-இல் செயல் அலுவலர் நியமன நிபந்தனை விதிகள் வந்தன. அதில் ஐந்து ஆண்டு என்ற வரம்பு இருக்கிறது.

எனவே நீங்கள் முதலில் கேட்கவேண்டிய காகிதம் பிரிவு 45 நியமன உத்தரவு. அதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: என்ன தேதி, என்ன காரணம் எழுதியிருக்கிறது, எத்தனை காலத்துக்கு. பழைய உத்தரவுகள் பலவற்றில் காரணமும் இருக்காது, காலமும் இருக்காது. சில கோயில்களில் உத்தரவே எடுத்துத் தரமாட்டார்கள். "அப்படி உத்தரவு கோப்பில் இல்லை" என்று எழுத்தில் பதில் வந்தால், அது உங்களுக்குப் பெரிய ஆயுதம்.

இரண்டு, தக்கார். இது இடைக்கால ஏற்பாடு. அறங்காவலர் குழு அமைக்கும் வரைக்கும் கோயிலைப் பார்த்துக்கொள்ள ஒருவர், அவ்வளவுதான். நடைமுறையில் துறை அலுவலரையே தக்காராகப் போட்டுவிடுகிறார்கள். செயல் அலுவலரும் துறை ஆள், தக்காரும் துறை ஆள் என்றால், செலவை முன்மொழிபவரும் ஒப்புக்கொள்பவரும் ஒரே அலுவலகமாகிவிடுகிறது. நான் இதைத்தான் மிகப் பெரிய கோளாறாகப் பார்க்கிறேன். கோயில் தரப்பில் நின்று "வேண்டாம்" என்று சொல்ல யாருமே இல்லை.

இதற்கு மருந்து சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ₹10,000-க்குக் கீழ் வருமானமுள்ள, பிரிவு 46 பட்டியலில் வராத கோயில்களுக்குப் பிரிவு 49 பொருந்தும். அங்கே அறங்காவலர்களை நியமிப்பவர் உதவி ஆணையர். பட்டியலில் உள்ளவை மூன்று படி: ₹10,000 முதல் 2 லட்சம் வரை 46(1), 2 லட்சம் முதல் 10 லட்சம் வரை 46(2), 10 லட்சமும் அதற்கு மேலும் 46(3). இவற்றுக்குப் பிரிவு 47. குழுவில் குறைந்தது மூன்று பேர், அதிகபட்சம் ஐந்து. பட்டியல் வகுப்பு அல்லது பழங்குடியினரில் ஒருவரும் பெண் ஒருவரும் கட்டாயம் இருக்கவேண்டும். ஊரில் பேசி ஐந்து பெயரைத் தயார் செய்யும்போதே இதைக் கணக்கில் எடுக்கவேண்டும். ஒரே தெருக்காரர்கள் ஐந்து பேர் மனு கொடுத்தால் அது தானாகவே விழும், விழவும் வேண்டும்.

இன்னொன்று, பிரிவு 26 தகுதியின்மைகள். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருப்பவரும் கோயிலுக்குப் பாக்கி வைத்திருப்பவரும் அறங்காவலர் ஆக முடியாது. டெல்டா ஊர்களில் பாதிப் பேர் இதில் அடிபட்டுப்போவார்கள். விண்ணப்பம் போட்ட பிறகு தெரிந்து சங்கடப்படுவதைவிட முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, வெளியே வரும் வழி என்று சிலர் நினைப்பது பிரிவு 63. "இது பொதுக்கோயிலே அல்ல, எங்கள் குடும்பக் கோயில்" என்றோ "எங்களுக்குப் பரம்பரை அறங்காவலர் உரிமை இருக்கிறது" என்றோ வாதிடுபவர்கள் இணை ஆணையரிடம் போகவேண்டும். அவர் உத்தரவின் மேல் 60 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு (பிரிவு 69), அதற்கு மேல் 90 நாளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு (பிரிவு 70). இந்த நாள் கணக்கைத் தவறவிட்டு நல்ல வழக்கை இழந்தவர்கள் நிறைய. ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன், நீங்கள் சொன்ன கோயிலுக்கு இது ஒத்துவராது. தமிழ்நாட்டில் கோயில் என்றால் பொதுக்கோயில் என்பதுதான் நீதிமன்றத்தின் முதல் அனுமானம். இனாம் நிலம் (கோயிலுக்குக் கொடையாக விடப்பட்டது) இருக்கிறது, சாமி வீதி உலா போகிறது, எல்லோரும் உரிமையோடு கும்பிடுகிறார்கள் என்றால் தனியார் கோயில் என்ற வாதம் எடுபடாது.

அரசியலமைப்புச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி சமயப் பிரிவுக்கு உரிய உரிமை கேட்பதும் எல்லாக் கோயிலுக்கும் ஆகாது. பொதுவான நம்பிக்கை, பொதுவான அமைப்பு, தனிப் பெயர் ஆகிய மூன்றையும் காட்டவேண்டும். சிதம்பரம் கோயிலை நிர்வகிக்கும் தீட்சிதர்களால் காட்ட முடிந்தது. ஊர்ச் சிவன் கோயிலில் "நாங்கள் சைவர்கள்" என்பது மட்டும் போதாது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: "துறையிலிருந்து முழுக்க வெளியே" என்பது இந்தக் கோயிலுக்கு இப்போதைய சட்டத்தில் கிடையாது. "தக்காரை விலக்கி ஊர் அறங்காவலர் குழு" என்பது கிடைக்கக்கூடியது. அதை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் முடிவெடுக்க உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம்.

---

பழைய சிட்டா:

வாய்தா சார் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் குழு வந்தாலும் நிலம் இல்லாவிட்டால் அந்தக் குழு எதை ஆளும்? சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 தீர்ப்பில் 75 கட்டளைகள் போட்டதே, அதில் என்னை உலுக்கியது ஒரே ஒரு கழித்தல் கணக்கு. 1980-களின் கொள்கை விளக்கக் குறிப்பில் கோயில் நிலம் 5.25 லட்சம் ஏக்கர். சமீபத்திய குறிப்பில் 4.78 லட்சம் ஏக்கர். நடுவில் 47,000 ஏக்கர் எங்கே என்று நீதிமன்றம் கேட்டது. அந்த 47,000 ஏக்கரும் ஒரே நாளில் யாரும் வாரிக்கொண்டு போனதில்லை. ஒவ்வொரு ஊரிலும் இரண்டு ஏக்கர், நாற்பது சென்ட் என்று பெயர் மாறிப் போனது. அதை அந்தந்த ஊர்க்காரர்தான் கண்டுபிடிக்க முடியும்.

எப்படிப் பார்ப்பது?

துறையின் இணையதளத்தில் கோயில் பெயரைத் தேடினால் சர்வே எண் வாரியாக நிலப் பட்டியல் வரும். அதை எடுத்துக்கொண்டு வருவாய்த்துறையின் இ-சேவைத் தளத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் அ-பதிவேடு (நிலத்தின் பரப்பும் உரிமையாளர் பெயரும் உள்ள கிராமப் பதிவேடு) பாருங்கள், புல வரைபடமும் எடுங்கள். அ-பதிவேட்டில் பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். 0.40.5 என்றால் 0 ஹெக்டேர் 40.5 ஏர்ஸ், ஏறத்தாழ ஒரு ஏக்கர். அதைப் பார்த்து "நாற்பது சென்ட்தானே" என்று ஏமாந்தவர்கள் உண்டு. ஒரு ஏர் என்பது 2.47 சென்ட். உங்கள் 18 ஏக்கர் சரியாக இருந்தால் மொத்தம் ஏறக்குறைய 7 ஹெக்டேர் 28 ஏர்ஸ் வரவேண்டும்.

உரிமையாளர் பெயர் இடத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயமே. "அருள்மிகு இன்ன சுவாமி திருக்கோயில்" என்று இருந்தால் நல்லது. அதே சாமி வேறு பெயரில், தேவஸ்தானம் என்றோ தேவதாயம் என்றோ இருக்கலாம். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பெயர் வேறுபாட்டால் துறைப் பட்டியலில் விட்டுப்போனவை இவைதான். தனி ஆள் பெயரில் இருந்தால் சிவப்புக் கோடு போடுங்கள்.

ஆனால் இன்றைய பதிவேட்டோடு நின்றுவிடாதீர்கள். 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், நாமெல்லாம் யு.டி.ஆர். என்று சொல்வதில், அனுபவத்தில் இருந்தவர் பெயரைப் பட்டாவில் எழுதிவிட்ட தவறுகள் ஏராளம். எனவே யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேடு நகலும், பழைய சர்வே எண்ணுக்கும் புது எண்ணுக்குமான ஒப்பீட்டுப் பட்டியலும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்கவேண்டும். பழையதில் கோயில், புதியதில் தனி ஆள், நடுவில் உத்தரவு எதுவும் இல்லை என்றால் அது யு.டி.ஆர். பிழை. மாவட்ட வருவாய் அலுவலரிடம் திருத்த மனு போடலாம். மனு கோயில் சார்பில், அதாவது செயல் அலுவலரோ தக்காரோ அறங்காவலரோ கையெழுத்திட்டுப் போகவேண்டும். ஊர்க்காரர் கொடுக்கும் மனுவை "உனக்கு என்ன உரிமை" என்று திருப்புவார்கள். அதனால் எல்லா நகலையும் சேர்த்து உதவி ஆணையருக்குக் கொடுத்து, அவரைப் போடவைக்க வேண்டும். வேலையை நீங்கள் முடித்துக் கையில் கொடுத்தால் கோப்பு நகரும்.

அதற்கும் முந்தையது இனாம் ஃபேர் ரிஜிஸ்டர், 1860-களில் இனாம் கமிஷன் எழுதியது. எந்தச் சாமிக்கு, என்ன காரியத்துக்கு, எவ்வளவு நிலம், உரிமைப் பத்திர எண் என்ன என்று அதில் இருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நகல் கேட்கலாம். மாவட்டம், பழைய தாலுகா, கிராமப் பெயர் அக்காலத்தில் எப்படி இருந்தது என்று எழுதவேண்டும். இன்றைய தாலுகா பெயரைப் போட்டால் "பதிவு இல்லை" என்று வந்துவிடும்.

வில்லங்கச் சான்றும் போடுங்கள், 1975 முதல் இணையத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி விண்ணப்பம். சர்வே எண்ணுக்கு உட்பிரிவோடு ஒரு தடவை, உட்பிரிவு இல்லாமல் ஒரு தடவை. பழைய பத்திரங்கள் உட்பிரிவு போடாமல் பதிவானவை, ஒன்றை மட்டும் தேடினால் தப்பிவிடும்.

நிலம் கோயில் பெயரில் உறுதியாக இருக்கிற எண்களுக்கு உடனே செய்யவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. பதிவுச் சட்டம் 22-அ பிரிவைச் சுட்டி, சர்வே எண் பட்டியலோடு சார்பதிவாளருக்குக் கோயில் தரப்பிலிருந்து கடிதம் போகவேண்டும். துறை அனுமதி இல்லாமல் அந்த எண்களில் பத்திரம் பதியக்கூடாது. அங்கே வழிகாட்டி மதிப்பைப் பூஜ்ஜியமாக்கி வைப்பார்கள், அப்போது கணினியே பத்திரத்தை ஏற்காது. பல ஊர்களில் தாய் எண்ணைப் பூட்டிவிட்டு உட்பிரிவுகளை விட்டுவிடுகிறார்கள். 112 பூட்டியிருக்கும், 112/3ஆ திறந்திருக்கும். அந்த ஒரு சந்தில் வீட்டுமனையே போட்டுவிடலாம். ஒவ்வொரு உட்பிரிவாகச் சோதியுங்கள்.

ஆக்கிரமிப்பு என்றால் பிரிவு 78. உதவி ஆணையர் அறிக்கையின் பேரில் இணை ஆணையர் விசாரித்து அகற்ற உத்தரவிடுவார். "முப்பது வருடமாக என் அனுபவம்" என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். கோயில் அசையாச் சொத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டம் பொருந்தாது என்று பிரிவு 109 சொல்கிறது. விற்பனை, பரிமாற்றம், ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை எல்லாம் ஆணையர் அனுமதி இல்லாமல் செல்லாது என்பது பிரிவு 34. அனுமதிக்கு முன் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபனை கேட்கவேண்டும். அந்த அறிவிப்பை ஊரில் யாரும் பார்ப்பதில்லை, அதனால்தான் ஆட்சேபனையே வராமல் பல நிலங்கள் போயின.

---

படித்தரக் கணக்கு:

நிலத்தைச் சொல்லிவிட்டார்கள், நான் பணத்துக்கு வருகிறேன்.

அந்த 18 ஏக்கரையே எடுத்துக்கொள்வோம். சாகுபடிதாரர் நியாயக் குத்தகைச் சட்டப்படி நில உரிமையாளருக்கு வரவேண்டியது சாதாரண விளைச்சலில் 25%. ஏக்கருக்கு ஒரு போகம் 18 குவிண்டால் என்று அடக்கமாகவே வையுங்கள். கால் பங்கு 4.5 குவிண்டால். 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு ₹2,500. ஏக்கருக்கு ₹11,250. பதினெட்டு ஏக்கருக்கு ₹2,02,500, அதுவும் ஒரே போகத்துக்கு. பத்தாயிரத்துக்குக் கீழ் என்று பட்டியலில் கிடக்கும் கோயில் உண்மையில் 46(2)-இல் இருக்கவேண்டிய கோயில்! இரண்டு வேளை பூசை, ஒரு முழுநேர அர்ச்சகர், ஒரு காவலாளி, வருடம் ஒரு சிறு திருப்பணி எல்லாம் இந்தப் பணத்தில் நடக்கும்.

ஏன் வருவதில்லை? காரணம் பெரும்பாலும் மூன்று இடத்தில் இருக்கும். குத்தகை அளவு எப்போதோ நிர்ணயித்தது, அப்படியே நிற்கும். அல்லது குத்தகைதாரர் இறந்து வாரிசு பெயர் மாற்றாததால் கேட்பே, அதாவது இவ்வளவு வரவேண்டும் என்ற கணக்கே, எழுதியிருக்க மாட்டார்கள். கேட்பு எழுதாவிட்டால் நிலுவையும் இல்லை, ஏட்டில் எல்லாம் சுத்தமாகத் தெரியும். மூன்றாவது, உள்குத்தகை. பெயர் ஒருவருடையது, உழுபவர் வேறொருவர், கோயிலுக்குச் செலுத்துவதைப்போலப் பல மடங்கை நடுவில் இருப்பவர் வாங்கிக்கொண்டிருப்பார். உண்மையில் உழுபவரோடு ஊர் பகை கொள்ளக்கூடாது என்பது என் அழுத்தமான கருத்து. அவர் நேராகக் கோயிலுக்குக் குத்தகைதாரரானால் அவருக்கும் லாபம், சாமிக்கும் லாபம்.

மனை, கடை என்றால் கணக்கு வேறு. பிரிவு 34-அ படி சந்தை மதிப்பைப் பார்த்து நியாய வாடகை நிர்ணயித்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருத்தவேண்டும்.

தகவல் உரிமை மனு உதவி ஆணையர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. ₹10 நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். கேட்கவேண்டியவை: பிரிவு 29 சொத்துப் பதிவேட்டின் நகல், பசலி 1425 முதல் 1434 வரை கேட்பு-வசூல்-நிலுவைப் பதிவேட்டின் நகல், அதே ஆண்டுகளின் பிரிவு 87 தணிக்கை அறிக்கைகள், அந்தத் தணிக்கைத் தடைகளுக்குக் கொடுத்த பதில்கள், பிரிவு 92-இன் கீழ் கோயில் துறைக்குச் செலுத்திய தொகை, தக்கார் நியமன உத்தரவு, பிரிவு 45 உத்தரவு. கோயில் கணக்கு ஜூலை முதல் ஜூன் வரை பசலியில்தான் ஓடும். 2025 ஜூலையில் பிறந்தது பசலி 1435. நிதியாண்டு போட்டுக் கேட்டால் "அவ்வாறு பராமரிக்கப்படவில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

"ஏன் வசூலிக்கவில்லை?" என்று காரணம் கேட்காதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கிடைப்பது ஆவணம்தான், விளக்கம் கிடைக்காது. அந்த ஒரு கேள்வியைக் காட்டி மொத்த மனுவையும் தட்டிவிடுவார்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். பக்கம் அதிகம் என்று இழுத்தால் நேரில் வந்து பார்வையிடுகிறேன் என்று எழுதிக் கொடுங்கள். பதிவேட்டைக் கண்ணால் பார்த்தால் அடித்தல் திருத்தலும் தெரியும்.

பிரிவு 92 தொகையைப் பற்றி ஒரு வார்த்தை. நிர்வாகப் பங்களிப்பு 12% வரை, தணிக்கைக் கட்டணம் 4% வரை. மேலே போட்ட கணக்குப்படி ₹2,02,500 வருமானமுள்ள கோயிலுக்கு உச்சமாக ₹32,400. சேவைக்குக் கட்டணம் என்று வாங்கினால் சேவை நடந்திருக்க வேண்டும். கேட்பு எழுதாத, தணிக்கைத் தடை தீர்க்காத ஆண்டுகளுக்கு என்ன சேவை நடந்தது என்று அறங்காவலர் குழு எழுத்தில் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

உபரி நிதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோயில் பணத்தில் கலைக் கல்லூரி திறக்கும் அறிவிப்பு 2021-இல் நீதிமன்றம் போனபோது, ஏற்கெனவே திறந்த நான்கைத் தவிரப் புதிதாக அனுமதி இல்லாமல் தொடங்கக்கூடாது என்று தடை வந்தது. கோயில் நிதியில் திருமண மண்டபங்கள் கட்டும் அரசாணைகளை மதுரைக் கிளை 2025 ஆகஸ்டில் ரத்து செய்தது. கோயில் பணம் அரசுப் பணம் அல்ல என்பதுதான் இரண்டிலும் அடிப்படை. கல்லூரி கெட்ட காரியம் இல்லை. அரசுக்குக் கல்லூரி வேண்டுமென்றால் அதற்கு அரசின் கருவூலம் இருக்கிறது. பக்தர் உண்டியலில் போட்டது வேறு சங்கல்பத்தோடு போட்டது.

---

ஊர்க்கூட்டம்:

மூவரும் நன்றாகச் சொன்னார்கள். "சட்டத்தையே ரத்து செய்" என்பவர்களுக்காக, அதே பக்கம் நிற்பவன் என்ற உரிமையில் கொஞ்சம் சொல்கிறேன்.

1817-இல் கம்பெனி அரசு ஒழுங்குமுறைச் சட்டம் போட்டுக் கோயில்களைத் தன் மேற்பார்வையில் வைத்தது. கிறிஸ்தவ அரசு விக்கிரகக் கோயிலை நடத்துவதா என்று எதிர்ப்பு வந்ததும் மெல்ல விலகியது, 1863 சட்டத்தோடு முழுக்கக் கைகழுவியது. அதன் பிறகு அறுபது வருடம் அறங்காவலர்கள் கையில்தான் எல்லாம் இருந்தது. அந்தக் காலத்தில் கோயில் சொத்தை விற்றுத் தின்ற அறங்காவலர்களும் இருந்தார்கள், அதை மறைத்துப் பேசினால் நம் வாதம் பலவீனமாகும். நீதிக்கட்சியின் பனகல் அரசர் அமைச்சரவை 1920-களில் கோயில்களுக்குச் சட்டம் கொண்டுவந்தபோது ஊரில் அதற்கு ஆதரவு இருந்ததற்கும் அதுதான் காரணம்.

ஆனால் அந்தச் சட்டம் வந்த 1925-ஐக் கவனியுங்கள். அதே ஆண்டில் பஞ்சாபில் சீக்கிய குருத்வாரா சட்டம் வந்தது. அங்கும் குருத்வாராக்களை நடத்திய மகந்துகளின் முறைகேடுதான் பிரச்சினை. அவர்கள் கண்ட தீர்வு, சீக்கியர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழு. சென்னை மாகாணம் கண்ட தீர்வு, அரசு நியமிக்கும் வாரியம். 1951 சட்டம் வாரியத்தையும் எடுத்துவிட்டு ஆணையரையும் துறையையும் வைத்தது. 1954 சிரூர் மட வழக்கில் அதன் சில பிரிவுகள் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தன, திருத்தி வந்ததுதான் 1959 சட்டம். நூறு வருடத்துக்கு முன் எடுத்த அந்தத் திருப்பத்தில்தான் நாம் தவறினோம். நோயைக் கண்டது சரி. மருந்தைப் பக்தர்களிடம் கொடுக்காமல் அலுவலகத்திடம் கொடுத்தது தவறு.

குருத்வாரா முறையிலும் குறை இருக்கிறது. அங்கே கடைசிப் பொதுத்தேர்தல் 2011-இல் நடந்தது. அதனால் அதை அப்படியே படியெடுக்கச் சொல்லவில்லை. மாநிலம் முழுவதற்கும் ஒரே தேர்தல் வைத்தால் கட்சிகள் புகுந்துவிடும். ஊர் அளவில், கோயிலின் வழக்கமான வழிபாட்டாளர் பட்டியல் ஒன்றைப் பதிந்து, அவர்களிலிருந்து குழு. வெளியிலிருந்து ஆண்டுத் தணிக்கை, அறிக்கை கோயில் வாசலில் ஒட்டவேண்டும். சொத்து விற்பனைக்கு அலுவலர் அனுமதி போதாது, மாவட்ட நீதிமன்ற அனுமதி. இந்த மூன்றும் இருந்தால் எனக்குப் போதும். அறநிலையக் கொடைகள் பொதுப்பட்டியலில் 28-ஆவது இனம், மாநிலச் சட்டமன்றமே செய்யலாம். உத்தராகண்டில் 2019-இல் கொண்டுவந்த தேவஸ்தான வாரியச் சட்டத்தை 2021-இல் திரும்பப் பெற்றார்கள். செய்ய முடியாத காரியம் இல்லை.

இன்னொரு பயம் அடிக்கடி வருகிறது: துறை போனால் பழையபடி சிலரை வாசலில் நிறுத்திவிடுவார்களே என்று. நியாயமான பயம், அதைத் தள்ளிவிடக் கூடாது. கோயில் நுழைவு உரிமை 1947-ஆம் ஆண்டின் தனிச் சட்டம், அறநிலையச் சட்டத்தோடு சேர்ந்தது அல்ல. இது போனாலும் அது நிற்கும். குழுவில் பட்டியல் வகுப்பினர் கட்டாயம் என்ற இன்றைய விதியும் புதிய சட்டத்தில் அப்படியே வரவேண்டும். ஊர் முழுவதும் சேராத கோயில் நிர்வாகம் ஊர் நிர்வாகம் ஆகாது.

---

தேரடி வாசகன்:

நான்கு பேருக்கும் நன்றி. அ-பதிவேடு எடுக்கும் வேலையிலிருந்து தொடங்கலாம் என்று புரிகிறது. பழைய சிட்டா ஐயாவிடம் ஒரு துணைக்கேள்வி. இனாம் பதிவேட்டில் சில இடத்தில் "மேல்வாரம் மட்டும்" என்றும் சில இடத்தில் "இருவாரம்" என்றும் இருக்கும் என்கிறார்கள். 1963 இனாம் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு இதற்கு ஏதாவது மதிப்பு இருக்கிறதா? மேளம், பூசை மானியம் என்று எழுதியிருந்தால் அது கோயில் நிலமா, ஊழியக்காரர் நிலமா?

---

பழைய சிட்டா:

மதிப்பு உண்டு, வழக்கே அதில்தான் நிற்கும். மேல்வாரம் என்றால் கோயிலுக்கு இருந்தது வரி வாங்கும் உரிமை, நிலம் உழுது அனுபவிக்கும் குடிவாரக்காரருடையது. இருவாரம் என்றால் நிலமும் வரியும் இரண்டுமே கோயிலுடையது. 1963-இன் 30-ஆவது சட்டப்படி இனாம் ஒழிந்தபோது, இருவாரம் இருந்த இடத்தில் கோயிலே ரயத்துவாரிப் பட்டாவுக்கு உரியது. மேல்வாரம் மட்டும் இருந்த இடத்தில் குடிவாரக்காரருக்குப் பட்டா போனால் அது முறைகேடு அல்ல. அந்த எண்களைப் பட்டியலிலிருந்து நீங்களே நீக்கிவிடுங்கள். நியாயமாகப் பட்டா வாங்கிய ஒரு குடும்பத்தின் மேல் புகார் கொடுத்தால், மற்ற பத்து எண்களும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

ஊழிய மானியம் நடுவில் நிற்பது. ஊழியம் செய்யும் வரை அனுபவிக்கலாம் என்ற நிபந்தனையோடு பட்டா கொடுத்திருப்பார்கள். அதனால் பட்டாவை மட்டும் பார்க்காமல் அன்றைய உதவி நிலவரித் திட்ட அலுவலரின் உத்தரவு நகலைக் கேளுங்கள். எந்தப் பிரிவின் கீழ், ஊழிய நிபந்தனையோடா இல்லாமலா என்று அதில் இருக்கும். நிபந்தனை இருந்து, ஊழியம் நின்று, நிலம் விற்கவும் பட்டிருந்தால் அது மீட்கக்கூடிய எண். மனுவில் முதல் வரிசையில் அதை வையுங்கள், பிரிவு 78-க்கு மிக எளிதாக நிற்பது அதுதான்.

கிராமத்தின் பழைய பெயரையும் தாலுகாவையும் இங்கே போடுங்கள், இனாம் பதிவேட்டு விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன். சர்வே எண்களைப் பொதுவில் போடவேண்டாம், தனிச் செய்தியில் அனுப்புங்கள்.